கலைக்களஞ்சியத்தில் யாருக்குத் தனி இடம்?

ஒரு போர்வீரன் பகைவனுடைய குண்டுக்கு இரையானால், அவன் வீரச்சாவு எய்தினான் என்று நாடு போற்றுகிறது. அதே வீரன், இருளிலோ புகையிலோ அடையாளம் பிறழ்ந்து, தன் படையினரே ஏவிய குண்டுக்கு இரையானால், அவனைக் குறித்து என்ன சொல்வது என்று அறியாமல் நாடு சற்றே தடுமாறுகிறது. சிலர் அந்தச் சாவைச் சொல்லாமல் மறைக்கப் பார்க்கின்றனர். வேறு சிலர், இத்தகைய சாவுக்கு இரட்டிப்பு இரக்கம் காட்ட வேண்டும் என்று கருதி, இறந்தவர் ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியே கட்டுரை எழுதிவிட முனைகின்றனர். கலைக்களஞ்சியம் தொகுப்போர் இவ்விரு சாராருக்கும் இடையே நின்று முடிவு செய்ய வேண்டியவர்கள். அந்த முடிவுக்கு எவ்வாறு வருவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இது எங்கோ பெருநகரத்தில் அமர்ந்திருக்கும் அறிஞர்களுக்கு மட்டும் உரிய வினா அன்று. எங்கள் ஜலகண்டாபுரம் சேலம் சமவெளியில் தறியொலி கேட்கும் ஒரு பேரூர். அங்கும் மாணவர் சிலர், தம் வட்டாரத்தைப் பற்றிய சிறு களஞ்சியம் ஒன்றைத் தொகுக்க விரும்பி, யோசனை கேட்டு என்னிடம் வந்தனர். ஊர், ஏரி, கோயில், நெசவு என்னும் தலைப்புகளில் அவர்களுக்கு இடர்ப்பாடு ஏதும் இல்லை. மனிதரைப் பற்றிய தலைப்புகளுக்கு வந்தவுடன் இடர்ப்பாடு தோன்றிவிட்டது. யாரைச் சேர்ப்பது? யாரை விடுப்பது? போரில் இறந்தவர் அனைவரையும் சேர்ப்பதா? பகைவரால் இறந்தவருக்கும் தம்மவரால் இறந்தவருக்கும் வேறுபாடு உண்டா? இவ்வினாக்கள் என்னையும் சிந்திக்கச் செய்தன.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். தன் படையினரையோ நட்புப் படையினரையோ பகைவர் என மயங்கித் தாக்குவதை ஆங்கிலேயர் 'ப்ரண்ட்லி ஃபயர்' என்பர். இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கோணிப்போகும். ஆதலால் 'தன்படைச் சூடு' என்று வைத்துக்கொள்வோம். பெயர் புதிதாயினும் செய்தி பழைமையானது. கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரை எதிர்த்துப் போரிட்ட புருஷோத்தமனின் யானைகள், புண்பட்டு வெருண்டு, தம் பக்கத்து வீரர்களையே மிதித்து அழித்தன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். அப்படி இறந்த வீரர்களுள் ஒருவன் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. புருஷோத்தமன் பெயர் மட்டும் எல்லாக் களஞ்சியங்களிலும் இருக்கிறது. நம் வினாவின் வித்து இங்கேயே இருக்கிறது.

அடுத்து, கலைக்களஞ்சியம் என்பது யாது என்று பார்ப்போம். தமிழுக்கு இத்துறை புதிதன்று. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதான கோசம் 1902-இலும், சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இலும் வெளிவந்தன. அதன்பின் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1963 வரை ஒன்பது தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. 1968-இல் பத்தாம் தொகுதி இணைப்பாக வந்தது. இத்தகைய நூல்களின் ஆசிரியர்களுக்கு நாள்தோறும் நேரும் பெருந்தொல்லை, எதைச் சேர்ப்பது என்பதைக் காட்டிலும் எதை விடுப்பது என்பதே. பிரிட்டானிக்காவின் முதற் பதிப்பு 1768-இல் எடின்பரோவில் வெளிவரத் தொடங்கியபோது, அதில் மனிதர் வாழ்க்கை வரலாறுகளே இடம்பெறவில்லை. இரண்டாம் பதிப்பில்தான் அவை சேர்ந்தன. ஆகவே, களஞ்சியத்தில் ஒரு மனிதனுக்குத் தனித் தலைப்பு தருவது இயல்பாக நிகழ்ந்துவிடுவது அன்று. ஆராய்ந்து செய்யும் தேர்வு என்பது விளங்கும்.

இனி ஓர் உண்மை நிகழ்ச்சியைக் காண்போம். 1944 ஜூலை 25-ஆம் நாள், பிரான்சு நாட்டில் செயின்ட் லோ என்னும் ஊரின் அருகே, செருமானியப் படையரணை உடைப்பதற்காக அமெரிக்க விமானங்கள் பெருந்திரளாகக் குண்டு வீசின. விமானங்கள் போர்முனைக் கோட்டுக்கு இணையாகப் பறவாமல், அதைக் குறுக்கே கடந்து வந்தன. புகையும் புழுதியும் எழுந்து நிலத்தின் அடையாளங்களை மறைத்தன. குண்டுகளில் ஒரு பகுதி இலக்குக்கு முன்னதாகவே, காத்திருந்த அமெரிக்க வீரர்மீது விழுந்தது. அன்று மட்டும் 111 அமெரிக்கர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் லெஸ்லி மக்நேர் என்னும் படைத்தலைவர். அவருக்குக் களஞ்சியங்களில் தனிக்கட்டுரை உண்டு. எஞ்சிய 110 பேருக்கு இல்லை.

இதைக் கேட்டவுடன் இளைஞர் உள்ளம் கொதிக்கும். ஒரே நாள், ஒரே இடம், ஒரே பிழை. ஒருவருக்கு ஒரு நீதி, மற்றவர்க்கு வேறு நீதியா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மக்நேரின் கட்டுரையைப் படித்துப் பார்த்தால் ஐயம் நீங்கும். அக்கட்டுரையின் பெரும்பகுதி, அவர் 1942 முதல் அமெரிக்கத் தரைப்படைக்கு ஆள் சேர்த்துப் பயிற்சி தரும் முறையை வகுத்தது பற்றியதாகும். இலட்சக்கணக்கான வீரரின் பயிற்சி அவர் வகுத்த முறையில் நடந்தது. அவர் நோயுற்றுப் படுக்கையில் இறந்திருந்தாலும் அக்கட்டுரை எழுதப்பட்டே இருக்கும். அவர் இறந்த விதம் கட்டுரையின் கடைசிப் பத்தியே அன்றிக் கட்டுரைக்குக் காரணம் அன்று.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னாட்டவரின் தளபதியாக விளங்கிய ஸ்டோன்வால் ஜாக்சனும் இவ்வாறே. 1863 மே 2-ஆம் நாள் இரவு, சான்சலர்சுவில் போரில், முன்னே சென்று நிலைமையை அறிந்து திரும்பிய அவரைப் பகைவர் குதிரைப்படை என மயங்கி அவருடைய படையினரே சுட்டனர். எட்டு நாள் கழித்து அவர் இறந்தார். அவருக்கு இடம் தந்தது அவருடைய போர்த்திறன்.

இவ்விரு சான்றுகளிலிருந்தும் நாம் பெறும் முதல் நெறி இது: தன்படைச் சூட்டினால் நேர்ந்த சாவு, ஒருவருக்குக் களஞ்சியத்தில் இடம் தரவும் செய்யாது, உள்ள இடத்தைப் பறிக்கவும் செய்யாது. சாவின் விதம் தகுதியும் அன்று, தகுதிக் குறைவும் அன்று. இரு பக்கமும் கூர்மையுள்ள நெறி இது. மறைக்க விரும்புவோரையும் இது தடுக்கும். மிகைப்படுத்த விரும்புவோரையும் இது தடுக்கும்.

மறைக்க விரும்புவோரைத் தடுப்பதற்கு நம் அண்டை நாடான வங்காளதேசத்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1971 டிசம்பர் 10-ஆம் நாள், விடுதலைப் போரின் இறுதிக் கட்டத்தில், பத்மா, பலாஷ் என்னும் இரு பீரங்கிப் படகுகள் இந்தியக் கடற்படைக் கலம் ஒன்றுடன் சேர்ந்து குல்னா நகரை நோக்கிச் சென்றன. நம் இந்திய விமானங்கள் அவற்றைப் பாகிஸ்தான் கலங்கள் என மயங்கித் தாக்கின. பலாஷ் படகின் எந்திர அறையில் பணிபுரிந்த முகமது ருகுல் அமீன், படகைக் கைவிட மனமின்றி அதனைக் காக்க முயன்றார். புண்பட்டுக் கரை சேர்ந்த அவரை அங்கே பகைவர் பக்கத்து ரசாக்கர் படையினர் கொன்றனர். வங்காளதேச அரசு 1973-இல், அந்நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பீர் சிரேஷ்டோவை எழுவருக்கு அளித்தது. அவ்வெழுவருள் அவரும் ஒருவர். தாக்கியவை நட்பு நாட்டு விமானங்கள் என்பதால் அவருடைய வீரம் சிறிதும் குறையவில்லை. அதே வேளையில், அவரைப் பற்றிய கட்டுரை விமானங்கள் யாருடையவை என்பதை ஒளிக்கவும் கூடாது. இந்தியராகிய நமக்கு அதைப் படிக்கச் சற்றுக் கூச்சமாக இருக்கலாம். ஆயினும் நம் கூச்சத்துக்கு அஞ்சிக் களஞ்சியம் வாய் மூடுதல் தகாது.

இரண்டாம் நெறி, எழுதுவதற்குரிய செய்தி உண்டா என்பது. தனிக்கட்டுரை என்பது ஒரு வாழ்வின் சுருக்கம். பிறப்பு, கல்வி, செயல், அச்செயலின் விளைவு ஆகியவற்றை நம்பத்தக்க பதிவுகள் கூற வேண்டும். அப்பதிவுகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையாக இல்லாமல், தனித்தனியே எழுந்தவையாக இருத்தல் வேண்டும். ஒருவரைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் அவர் இறந்த நாளும் இறந்த விதமும் மட்டுமே என்றால், நாம் எழுதப்போவது அவருடைய வாழ்வு அன்று, அந்நிகழ்ச்சியே. அப்படியானால் நிகழ்ச்சிக்கே ஒரு கட்டுரை எழுதி, இறந்தவரை அதில் உரிய மதிப்புடன் குறிப்பிடுவதுதான் நேர்மை. பத்துப் பேர் இறந்த நிகழ்ச்சிக்குப் பத்துக் கட்டுரை எழுதினால், ஒரே செய்தியைப் பத்து முறை படியெடுத்ததாகும். படிப்பவர் பத்தையும் படித்தாலும் ஒன்றைத்தான் அறிவார்.

இந்நெறியை நம் நாட்டில் நிகழ்ந்த ஒரு துயரத்தில் பொருத்திப் பார்ப்போம். 2019 பிப்ரவரி 27-ஆம் நாள் காலை, இந்திய, பாகிஸ்தான் விமானங்கள் காசுமீர எல்லையில் மோதிக்கொண்டிருந்த பரபரப்பான வேளையில், ஸ்ரீநகரிலிருந்து கிளம்பிய நம் விமானப்படையின் மி-17 வகை ஹெலிகாப்டர் ஒன்று புத்காமில் நொறுங்கி விழுந்தது. நம் தளத்திலிருந்து ஏவப்பட்ட நம் ஏவுகணையே அதனை வீழ்த்தியது. ஹெலிகாப்டரில் இருந்த விமானப்படையினர் அறுவரும், தரையில் இருந்த பொதுமகன் ஒருவரும் உயிரிழந்தனர். அவ்வாண்டு அக்டோபரில், அப்போதைய விமானப்படைத் தலைவர் பதௌரியா, அது தம் படையின் பெரும் பிழை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இந்நிகழ்ச்சிக்குக் களஞ்சியத்தில் ஒரு கட்டுரை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அக்கட்டுரை பல செய்திகளை விளக்க இடம் தரும். தன் விமானத்தையும் பிறர் விமானத்தையும் வேறுபடுத்தி அறியும் மின்னணுக் கருவிகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து பயன்பட்டு வருகின்றன. தரையிலிருந்து ஒரு குறிப்பொலி வினாவாகச் செல்லும். நம் விமானம் என்றால் அதிலுள்ள கருவி தானாகவே உரிய விடையை அனுப்பும். விடை வாராவிட்டால் ஐயம் பிறக்கும். ஆனால் விடை வாராமைக்குப் பகைமை ஒன்றே காரணம் அன்று. கருவி இயங்காமல் இருக்கலாம், நிறுத்தப்பட்டிருக்கலாம், கட்டளை அறைகளுக்கு இடையே செய்தி போய்ச் சேராமல் இருக்கலாம். இவற்றையெல்லாம் மாணவர் அறிந்தால், கருவி எவ்வளவு நுட்பமாயினும் அதைக் கையாளும் ஒழுங்கு தளர்ந்தால் உயிர் போகும் என்பதை உணர்வர். இஃது ஒரு கட்டுரைக்குப் போதிய பொருள்.

அவ்வறுவருக்கும் தனித்தனிக் கட்டுரை வேண்டுமா? அவர்களுள் எவருடைய வாழ்வும் பணியும் இந்நிகழ்ச்சிக்கு அப்பாலும் விரிவாகப் பதிவாகியிருந்தால் தரலாம். இல்லையெனில் நிகழ்ச்சிக் கட்டுரையே போதும். ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. இறந்தவர் அறுவர் அல்லர், எழுவர். தரையில் நின்ற அந்தப் பொதுமகன் சீருடை அணிந்தவர் அல்லர். அவருக்குப் பதக்கமும் இல்லை, படைப்பிரிவும் இல்லை. ஆகவே தொகுப்பாளரின் கண்ணிலிருந்து முதலில் நழுவிவிடக்கூடியவர் அவரே. தனிக்கட்டுரை யாருக்கு என்று வாதாடும் நேரத்தில், எண்ணிக்கையிலேயே ஒருவர் விடுபட்டுப்போவதுண்டு. தலைப்பைப் பற்றிக் கவலைப்படுமுன் தொகையைச் சரிபார்ப்பது தொகுப்பாளரின் கடமையாகும்.

மூன்றாம் நெறி உண்மையைப் பற்றியது. அமெரிக்காவில் பாட் டில்மன் என்னும் புகழ்பெற்ற கால்பந்தாட்டக்காரர், தம் ஆட்டத்தையும் வருவாயையும் துறந்து 2002-இல் படையில் சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22-ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்தில் இறந்தார். பகைவரோடு பொருது மாண்டார் என்று முதலில் அறிவித்து, பதக்கமும் அளித்தனர். சில வாரங்கள் கழிந்த பின்னரே, அவரைச் சுட்டவர் அவருடைய படையினரே என்னும் உண்மை குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்பட்டது. மகனை இழந்த துயரத்தோடு, பொய் கேட்ட துயரமும் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. செய்தி 2007-இல் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின் விசாரணை வரை சென்றது. இங்கே இறந்த விதமே பெரும் விளைவுகளை உண்டாக்கியது. அவரும் முன்பே புகழ்பெற்றவர். ஆதலால் தனிக்கட்டுரைக்கு இரட்டைக் காரணம் உண்டு. அதைவிட முதன்மையான பாடம் வேறொன்று. முதல் அறிவிப்பை அப்படியே படியெடுத்த களஞ்சியம் பொய்யை அச்சிட்டதாகும். போர்க்களச் செய்தி உடனே உறுதிப்படுவதில்லை. காத்திருந்து, விசாரணையின் முடிவைக் கண்டு எழுதுவதே களஞ்சியத்துக்கு அழகு.

இவ்வளவும் சொன்னபோது, எங்கள் ஊர் மாணவருள் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஐயா, செய்தி போதவில்லை என்று ஒருவரை விட்டுவிட்டால், அவர் நாட்டுக்காகக் கொடுத்த உயிர் சிறிய உயிர் என்று ஆகிவிடாதா?" மிக நல்ல வினா. "அம்மா, களஞ்சியம் உயிரை நிறுக்கும் தராசு அன்று" என்று அவளுக்கு விடை கூறினேன். அந்த விடையைச் சற்று விரித்துரைக்கிறேன்.

நினைவு கூர்தல் ஒரு வேலை. விளக்கிக் கூறுதல் மற்றொரு வேலை. நம் முன்னோர் முதல் வேலைக்கு நடுகல்லை வைத்திருந்தனர். கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. எங்கள் சேலம் மாவட்டத்திலும், அடுத்துள்ள தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலும் நடுகற்கள் பல கிடைத்துள்ளன. அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் பட்ட பூசல் ஆகியவற்றை அவை சில வரிகளில் சொல்லி நின்றுவிடுகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று, வீரனோடு நின்று கள்வரை எதிர்த்த கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்திருக்கிறது. நன்றியுள்ள சமுதாயம் நாயின் பெயரையும் கல்லில் நிறுத்தும். அந்த நாய்க்கு வாழ்க்கை வரலாறு எழுத முடியாது; எழுத முடியாததால் அதன் பெருமை குறைந்துவிடவும் இல்லை.

இன்றைய நினைவகங்களும் இந்நெறியையே பின்பற்றுகின்றன. புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25-ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தின் சுவர்களில் 25,942 பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. புத்காம் நிகழ்ச்சி அதற்கு இரண்டு நாள் பின்னர் நேர்ந்தது. சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில், உயர் அதிகாரியின் கல்லும் சிப்பாயின் கல்லும் ஒரே அளவின. பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவை இருக்கும். யாருடைய குண்டால் இறந்தார் என்ற குறிப்பைப் பொதுவாக அங்கே காண இயலாது. நினைவகத்துக்கு அக்குறிப்பு வேண்டுவதில்லை. களஞ்சியத்துக்கோ அதுவே உயிர்நிலை. ஆகவே ஒன்றின் வேலையை மற்றொன்றின்மேல் சுமத்தினால் இரண்டும் கெடும். எல்லோர் பெயரையும் தாங்குவது கல்லின் கடமை. ஏன் நேர்ந்தது என்று கூறுவது நூலின் கடமை.

இந்த விடையிலும் ஒரு குறை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். 'பதிவு இருந்தால் எழுதலாம்' என்னும் நெறி, பதிவு எல்லோருக்கும் சமமாக வாய்த்திருந்தால்தான் நியாயமாகும். உண்மையில் அதிகாரிக்கு ஏடு நிறையப் பதிவு உண்டு. கடைநிலை வீரனுக்குப் பெயர்ப்பட்டியலில் ஒரு வரி. 1917-இல் தோன்றிய போர்க் கல்லறை ஆணையம், இறந்த ஒவ்வொருவரையும் வேறுபாடின்றிப் பெயர் சொல்லி நினைவுகூர்வதாக உறுதி கூறியது. ஆயினும் முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயராலோ, முற்றிலுமோ நினைவுகூரப்படவில்லை என்றும் அவ்வாணையத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஆகவே 'செய்தி இல்லை' என்பதும் 'செய்தியைத் தேடவில்லை' என்பதும் வெவ்வேறு என்பதை அறிதல் வேண்டும். தேடாமலே இல்லை என்பவன் தொகுப்பாளன் ஆகான்.

உங்கள் ஊரைப் பற்றியோ கல்லூரியைப் பற்றியோ நீங்கள் தொகுக்க நேரும்போது, படையில் இறந்த ஒருவரின் பெயர் வந்தால், நான்கு வினாக்களைக் கேட்டுப் பாருங்கள். இவர் வாழ்வில் செய்தது என்ன? அதை உறுதிப்படுத்தும் தனித்தனிப் பதிவுகள் எவை? இறந்த விதத்தால் சட்டத்திலோ, படை ஒழுங்கிலோ, மக்கள் கருத்திலோ மாறுதல் விளைந்ததா? இவரைப் பற்றி அச்சிடும் செய்தி, உயிரோடு இருக்கும் குடும்பத்தாரைப் பயனின்றி வருத்துமா? முதல் மூன்றுக்கும் நிறைந்த விடை கிடைத்தால் தனிக்கட்டுரை எழுதுங்கள். கிடைக்காவிட்டால் நிகழ்ச்சிக் கட்டுரையில் பெயரையும் நாளையும் பிழையின்றி எழுதுங்கள். நான்காம் வினாவின் விடை, எவ்வளவு எழுதுவது, எந்தச் சொல்லால் எழுதுவது என்பதைக் காட்டும். ஆனால் உண்மையைத் திரிக்க அது உரிமை தாராது.

தன்படைச் சூட்டில் இறந்தவருக்கு நாம் செய்யத்தக்க நன்றி இரண்டு. ஒன்று, அவர் பெயரைக் கல்லில் நிறுத்துவது. மற்றொன்று, அவர் இறந்ததற்குக் காரணமான பிழையை ஏட்டில் தெளிவாக எழுதுவது. முதலாவது இறந்தவருக்கு உரியது. இரண்டாவது, நாளை அதே வானத்தில் பறக்கப் போகிறவருக்கும், அதே இருளில் காவல் நிற்கப் போகிறவருக்கும் உரியது.